தடுப்பூசி: வரிசையில் பட்ட அவதியும், வீடு திரும்பிய நிம்மதியும்



2021 நவம்பரில் ஒரு நாள் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு சகோதரர் அருகில் வந்தார். "ஏனுங் ஹஜ்ரத், இப்பத்தான் கேஸெல்லாம் கொறஞ்சு போச்சே. ரெண்டாவது ஊசி கட்டாயம் போட்டுத்தான் ஆகோணுமுங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஆறு மாதங்களுக்கு முன் இதே சகோதரர், "எங்கே போனாலும் ஊசி இல்லைங்கிறாங்க" என்று என்னிடம் புலம்பியவர். கிடைக்காதபோது அலைந்தோம். கிடைக்கும்போது அலட்சியம் செய்கிறோம். மனித சுபாவம் இதுதான். அவருக்கு அன்று இரண்டு வரிகளில் பதில் சொல்லி அனுப்பினேன். ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. பல வீடுகளில் இருந்தது. எனவே நானும் என் குடும்பமும் பட்ட அனுபவத்தோடு சேர்த்து, சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

காலியாகக் கிடந்த மார்ச் மாதம்

நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர்கள், அடுத்து முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 வயதைக் கடந்த நீண்டகால நோயாளிகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் போட்டார்கள்.

என் அத்தாவுக்கு வயது 74. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மார்ச் மாதத்தில் எங்கள் பகுதியில் ஊசி போடும் இடத்தில் கூட்டமே இல்லை. செவிலியர்கள் வருவோரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆதார் அட்டையைக் காட்டினால் பத்து நிமிடத்தில் ஊசி. ஆனால் நான் அத்தாவை அழைத்துப் போகவில்லை. "தேர்தல் முடியட்டும்", "ரமலான் கழியட்டும்" என்று தள்ளிப்போட்டேன். எனக்கு அப்போது 46 வயது. ஏப்ரலில் நானே போட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இந்த ஊசியைப் போடலாமா?" மார்க்கத்தில் தடை ஏதும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரில் பலரும் பலவிதமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். நாம் ஒன்று சொல்லி, நாளை ஏதாவது நேர்ந்தால் பழி நம் மீது வருமே என்ற தயக்கம். "ரமலான் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் பாய்" என்று சொல்லி அனுப்பினேன். இந்தப் பதிலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு மரணமும் ஆயிரம் வதந்திகளும்

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமானார். மக்களைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி ஊக்குவித்தவர் அவர். அவருடைய மரணமே தடுப்பூசிக்கு எதிரான பிரசாரமாக மாறிப்போனது. அன்று ரமலானின் தொடக்க நாட்கள். இஃப்தாருக்குக் கஞ்சி வாங்க வருபவர்கள்கூட இதையே பேசினார்கள். அத்தா உறுதியாகச் சொல்லிவிட்டார்: "எனக்கு வேண்டாம்ப்பா."

ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று மனம் எண்ணிக்கொள்ளும். ஒரே நாளில் லட்சக்கணக்கானோருக்கு ஊசி போட்ட நாட்டில், அவர்களில் சிலருக்கு அதே வாரத்தில் மாரடைப்பு வரத்தான் செய்யும். ஊசி போடாவிட்டாலும் வந்திருக்கும். எது ஊசியால் வந்தது, எது தற்செயல் என்று பிரித்தறியத்தான் மருத்துவக் குழுக்கள் ஆராய்கின்றன. விவேக்கின் மரணத்தையும் மத்திய அரசின் குழு ஆராய்ந்தது. அதற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று 2021 அக்டோபரில் அறிக்கை வந்தது. ஆனால் வதந்தி ஏப்ரலிலேயே வீடு வீடாகப் போய்விட்டது. விளக்கம் அக்டோபரில்தான் வந்தது.

அதற்காக, தடுப்பூசியில் பக்க விளைவே இல்லை என்று சொல்லக்கூடாது. ஊசி போட்ட இரவில் காய்ச்சல், உடல்வலி, கை வலி சகஜம். உடலின் எதிர்ப்பு சக்தி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. ஓரிரு நாளில் போய்விடும். சிலருக்கு உடனடி ஒவ்வாமை வரக்கூடும். அதனால்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக மிக அரிதாக ரத்த உறைவு ஏற்பட்டதும் உலகில் பதிவாகியிருக்கிறது. ஊசி போட்ட அடுத்த சில வாரங்களுக்குள் கடுமையான தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம் என்று வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய் கொண்டுவரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. மக்களிடம் உண்மையை முழுதாகச் சொன்னால் அவர்கள் பயப்பட மாட்டார்கள். மறைத்தால்தான் பயப்படுவார்கள்.

மே மாதத்துக் கோவை

ஏப்ரல் 26 முதல் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. மே 10 முதல் ஊரடங்கு. மே 14 அன்று பெருநாள் தொழுகையை வீட்டில் தொழுதோம். மே மாதக் கடைசியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டிவிட்டது. மே 30 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வந்து, பாதுகாப்பு உடை அணிந்து கொரோனா வார்டுக்குள் சென்றார்.

பட்டறைச் சத்தம் ஓயாத கணபதியில் அன்று ஆம்புலன்ஸ் சத்தம்தான் கேட்டது. ஆக்சிஜன் படுக்கை கேட்டு எனக்கு நள்ளிரவிலும் அழைப்பு வரும். எனக்கு யாரைத் தெரியும்? தெரிந்தவர்களிடம் கேட்பேன், துஆ செய்வேன். நம் சமுதாய இளைஞர்கள் தமிழகமெங்கும் சாதி, மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வருடம் முன்பு, 2020-இல், தப்லீக் ஜமாஅத்தைக் காரணம் காட்டி நம்மை நோய் பரப்புபவர்கள் என்று பேசியதை அந்தப் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

மே மூன்றாவது வாரத்தில், என்னிடம் மார்ச் மாதம் கேட்ட அந்தப் பெரியவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜனாஸாவில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். தொழுவித்தது நான்தான். தக்பீர் கட்டும்போது, "ரமலான் முடியட்டும் பாய்" என்று நான் சொன்னது காதில் கேட்டது.

அவருடைய தவணை அல்லாஹ்விடம் எழுதப்பட்டிருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்கு இல்ம் இல்லை. ஆனால் அவருடைய தவணையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்கப்படப் போவதில்லை. என் பதிலைப் பற்றித்தான் கேட்கப்படும். தெரிந்த விஷயத்தை, பழிக்கு அஞ்சித் தெளிவாகச் சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அன்று இரவே முடிவு செய்தேன். அத்தாவிடம் பேசினேன். அவரும் அந்தப் பெரியவரின் நண்பர். மறுக்கவில்லை. "கூட்டிட்டுப் போப்பா" என்றார்.

மூன்று நாள், மூன்று வரிசை

ஆனால் மார்ச்சில் காலியாகக் கிடந்த இடம் இப்போது அப்படி இல்லை. எந்த மையம் என்று பெயர் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்வது நோக்கமல்ல.

முதல் நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் போனேன். டோக்கனை முந்தின நாள் மாலையே கொடுத்துவிட்டார்களாம். எந்த அறிவிப்பும் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது முறை விடிகாலை 3 மணிக்கே நடந்து போனேன். கேட்டுக்கு முன்னால் மனிதர்களோடு செருப்பு, செங்கல், மஞ்சப்பை எல்லாம் வரிசையில் இருந்தன. இடம் பிடித்து வைத்துவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனவர்களின் அடையாளங்கள் அவை. எட்டு மணிக்கு வந்த அலுவலர் 100 டோக்கன் என்றார். நான் 112-வது ஆள். கூச்சல், தள்ளுமுள்ளு. இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று மைக்கில் சொன்னதைக் கேட்க யாரும் இல்லை. நோயைத் தடுக்க வந்த இடத்தில் நோயை வாங்கிக்கொண்டு போய்விடுவோமோ என்று பயந்தேன்.

பிறகு ஜூன் முதல் வாரத்தில் மாநிலம் முழுவதுமே கையிருப்பு தீர்ந்து பல மையங்கள் மூடிக்கிடந்தன. வந்ததும் மூன்றாவது முறை போனேன். இந்த முறை டோக்கன் 38. போன் செய்து அத்தாவை வரவழைத்தேன். அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. முன்னால் நின்ற ஒரு அம்மா, நெற்றியில் திருநீறு, எங்களுக்கு முன்பின் தெரியாதவர். "பெரியவர மொதல்ல வுடுங்கோ, நாமெல்லாம் நிக்கலாம்" என்று சத்தமாகச் சொன்னார். அவர் சொன்னபின் யாரும் மறுப்பு சொல்லவில்லை. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அத்தா உட்கார்ந்து அவருக்காகத் துஆ செய்தார்.

ஏன் இத்தனை தட்டுப்பாடு?

அன்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் செவிலியர்களைத்தான் திட்டினார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? காரணங்கள் வேறு.

முதலாவது, எண்ணிக்கை. நாட்டில் 18 வயதைக் கடந்தவர்கள் சுமார் 94 கோடி. ஆளுக்கு இரண்டு என்றால் 188 கோடி டோஸ் வேண்டும். அன்றைக்கு ஊசி தயாரித்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் இரண்டே நிறுவனங்கள்: கோவிஷீல்டு தயாரிக்கும் புனே சீரம் நிறுவனம், கோவாக்சின் தயாரிக்கும் ஐதராபாத் பாரத் பயோடெக். இதற்கிடையே 6 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் வெளிநாடுகளுக்கும் போயிருந்தன.

இரண்டாவது, கொள்கைக் குழப்பம். மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள். ஆனால் 18 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். தமிழக அரசு 3.5 கோடி டோஸ்களுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. எந்த நிறுவனமும் முன்வரவில்லை. மே 20 அன்று திருப்பூரில் இந்த வயதினருக்கான முகாமை முதல்வர் தொடங்கி வைத்தார். ஆனால் தேவைக்கு ஏற்ப ஊசி வரவில்லை. ஜூன் 21 முதல் மத்திய அரசே எல்லோருக்கும் இலவசமாகத் தரும் என்று மாற்றிய பிறகுதான் நிலைமை படிப்படியாகச் சீரானது.

மூன்றாவது, நாம் இழந்த வாய்ப்பு. நம் மலைக்கு மேலே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. நாய்க்கடி ஊசி முதல் குழந்தைகளின் முத்தடுப்பு ஊசி வரை தயாரித்த இடம். 2008-இல் அதன் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2010-இல்தான் திரும்பக் கிடைத்தது. செங்கல்பட்டில் பல நூறு கோடி செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம் 2021-இல் பயன்படாமல் கிடந்தது. அரசு நிறுவனங்களை வளர்க்காமல் விட்டதன் விலையை மே மாதத்தில் கொடுத்தோம்.

இன்னொரு சிறிய விஷயம். மையத்தில் கடைசியாக நின்ற நான்கைந்து பேரை, ஊசி இருந்தும் "நாளை வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கோவிஷீல்டின் ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டியிருந்தது. இல்லையென்றால் கொட்ட வேண்டியதுதான். நால்வருக்காகத் திறந்தால் ஆறு பேருடைய மருந்து வீணாகும். இதை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

நோன்பு, ஹலால், தவக்குல்

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று.

நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போடலாமா? போடலாம். நோன்பு முறியாது. இந்த ஊசி கையின் தசையில் போடப்படுகிறது. உணவோ பானமோ அல்ல. இயற்கையான துவாரம் வழியாக வயிற்றுக்குள் செல்வதும் இல்லை. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் அடிப்படையில் இன்றைய உலமாக்கள் பெரும்பாலோர் இதையே சொல்கிறார்கள். சவூதி தலைமை முஃப்தியும் இதையே கூறினார். இதை ஏப்ரலிலேயே நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

ஹராமான பொருள் கலந்திருக்கிறதா? கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டின் உட்பொருள் பட்டியலிலும் பன்றிக் கொழுப்போ ஜெலட்டினோ இல்லை. கோவாக்சினுக்கான வைரஸை வளர்க்கத் தேவையான செல்களைத் தயாரிக்கும் ஆரம்பக் கட்டத்தில் கன்றின் ரத்தநீர் பயன்படுகிறது. பின்னர் அது கழுவி நீக்கப்படுகிறது, இறுதி மருந்தில் இல்லை என்று சுகாதார அமைச்சகம் விளக்கியது. கோவிஷீல்டில் மிகச் சிறிதளவு எத்தனால் இருக்கிறது. போதை தராத அந்த அளவு, உயிர் காக்கும் மருந்தில் இருப்பதை உலமாக்கள் தடை செய்யவில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் போகிறோம். அதற்கு யாரும் மறுப்பு சொன்னதில்லை. 2021-ஆம் வருட ஹஜ்ஜும் தடுப்பூசி போட்டவர்களுக்கே அனுமதிக்கப்பட்டது.

தவக்குல் வைத்தால் போதாதா? ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே போய்க்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை செய்து வழியிலேயே திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழியும் அதுவே. தடுப்பூசி கட்டும் கயிறு. காப்பவன் அல்லாஹ்.

இது புதிதல்ல

கல்லூரியில் நான் படித்தது வரலாறு. அதனால் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த வருடம் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அங்கேயே தடுப்பூசி கண்டுபிடித்து, முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். மக்கள் பயந்து ஒதுங்கினார்கள். அப்போது மூன்றாம் ஆகா கான், தம்மைப் பின்பற்றுவோர் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக் காட்டினார். கொள்கையில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் தலைவர் என்பவர் செய்ய வேண்டியதை அவர் செய்தார். அந்தப் பிளேக் பின்னர் நம் கோவையையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் ஊரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருப்பது அந்த நாட்களின் நினைவுதான்.

போலியோ சொட்டு மருந்துக்கும், 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கும் எதிராக நம் மக்களிடையே வதந்திகள் பரவின. குழந்தை பிறக்காது என்றார்கள். என்ன நடந்தது? 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் காட்டு வைரஸால் ஒரு குழந்தையும் போலியோவால் முடங்கவில்லை. 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. வடநாட்டில் இமாம்கள் மிம்பரில் பேசிய பிறகுதான் பல ஊர்களில் கதவுகள் திறந்தன.

அந்த நிம்மதி

அத்தாவுக்கு ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்தோம். அம்மா விடிய விடிய உட்கார்ந்திருந்தார். காலையில் அத்தா எழுந்து, "காப்பி போடும்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

எங்கள் பள்ளிவாசல் ஜூலை 5 அன்று திறந்தது. பிறகு ஜமாஅத்தார் பேசி, மாநகராட்சி ஊழியர்களை வரவழைத்து வளாகத்திலேயே ஒரு முகாம் நடத்தினோம். நான் முதல் ஆளாக உட்கார்ந்து இரண்டாவது டோஸ் போட்டுக்கொண்டேன். பெண்களுக்குத் தனி இடம், தனிச் செவிலியர் ஏற்பாடு செய்ததால், நீண்ட வரிசைக்குத் தயங்கி வீட்டிலிருந்த பல சகோதரிகள் வந்தார்கள். அக்கம்பக்கத்து இந்து சகோதரர்களும் வந்தார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து உட்கார வைத்தோம். அன்று அத்தாவுக்காகக் குரல் கொடுத்த அந்த அம்மாவுக்கு நாங்கள் செலுத்திய நன்றி அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 12 அன்று தமிழகமெங்கும் 40 ஆயிரம் முகாம்கள் நடந்தன. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அத்தாவின் இரண்டாவது டோஸ் அன்றுதான். வரிசையே இல்லை. வாசலில் ஆட்டோ நிற்க, ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

லேத் பட்டறை சகோதரருக்கு

இரண்டாவது ஊசி ஏன்? முதல் டோஸ் உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டுகிறது. இரண்டாவது டோஸ் அந்த நினைவை வலுப்படுத்தி நீண்ட நாள் நிற்க வைக்கிறது. 2021-இல் அதைக் கோவாக்சினுக்கு 4 வாரம் கழித்தும், கோவிஷீல்டுக்கு 12 வாரம் கழித்தும் போட்டார்கள். 16 வாரம் தாண்டிவிட்டாலும் பரவாயில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இரண்டாவதைப் போட்டுக்கொண்டால் போதும் என்பதே அன்றைய அறிவுரை.

இரண்டும் போட்டவருக்கும் தொற்று வரலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலையும் மரணமும் வெகுவாகக் குறைகிறது. 2021-இல் தமிழகத்தில் இரண்டாவது டோஸுக்கு நாள் வந்தும் போடாதவர்கள் பல லட்சம் பேர் இருந்தார்கள். வளைகுடா வேலைக்கோ உம்ராவுக்கோ போக நினைப்பவர்கள் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அன்று சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. படுக்கையில் இருந்த பெரியவர்களுக்கு வீடு தேடி வந்து போட்டார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மஹல்லாவில் விடுபட்டவர்களைக் கணக்கெடுத்து மாநகராட்சிக்குக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உலமா சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கள் நம்மிடம் கேட்கும்போது, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மருத்துவம் சார்ந்தது என்றால் நல்ல மருத்துவரிடம் அனுப்புங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அந்தப் பெரியவரின் மகன் இன்றும் என்னை அன்போடுதான் அழைக்கிறார். அவருக்குத் தெரியாது. நானே ஒருநாள் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வல்ல அல்லாஹ், இந்தக் கொடிய நோயில் மரணித்தவர்களைப் பொருந்திக்கொள்வானாக. நம் அனைவரையும் நோய்நொடிகளிலிருந்து காப்பானாக. ஆமீன்.